டூர் போறது சுகம்... வீடு திரும்புறது அதைவிட சுகம்! வண்ணாரப்பேட்டை டு ஊட்டி - அஞ்சு தோழிகள், ரெண்டு நாள், ஒரு மீன் குழம்பு

எல்லார் போனிலும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். பெயர் 'கோவா பிளான்', 'மணாலி டைரீஸ்' என்று எதுவாகவும் இருக்கலாம். குரூப் தொடங்கி வருஷக்கணக்காகியிருக்கும். போனவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் குரூப்பும் அப்படித்தான் நாலு வருஷம் கிடந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து தோழிகள் நாங்கள். இப்போது ஒருத்தி நர்ஸ், ஒருத்தி ஐ.டி. கம்பெனி, ஒருத்தி தனியார் வங்கி, ஒருத்தி எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை சேல்ஸ், நான் ரிப்போர்ட்டர்.

நர்ஸ் தோழிக்கு நிச்சயதார்த்தம் ஆனதும்தான் குரூப்புக்கு உயிர் வந்தது. "இப்போ போகலைன்னா, அப்புறம் புள்ளைங்களைத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்று அவள் ஒரே ஒரு வாய்ஸ் நோட் போட்டாள். அன்று ராத்திரியே ஊட்டி என்று முடிவாகிவிட்டது.

அம்மா என்கிற விசா ஆபீஸ்

ஊர் முடிவானால் போதுமா? வீட்டில் பெர்மிஷன் வாங்க வேண்டாமா? "அஞ்சு பொம்பளப் புள்ளைங்க தனியாவா?" என்ற கேள்வி ஐந்து வீட்டிலும் ஒரே மாதிரி வந்தது. பையன்கள் டூர் போனால் 'பார்த்துப் போயிட்டு வாடா'வோடு முடிந்துவிடுகிறது. பெண்கள் போனால் ஓட்டல் பெயர், ரயில் நம்பர், கூட வருகிறவர்களின் அம்மா நம்பர் வரைக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் பயத்தையும் குறை சொல்ல முடியாது. 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம். 2006-ல் கொச்சி பக்கத்து மஞ்சும்மலில் இருந்து கொடைக்கானலுக்கு டூர் வந்த நண்பர்கள் கூட்டத்தில் ஒருவர், குணா குகைப் பள்ளத்தில் விழுந்துவிட்டார். அவரை விட்டுவிட்டுப் போக மற்றவர்கள் மறுத்தார்கள். சிஜு டேவிட் என்ற நண்பர் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி அவரை மீட்டார். அந்தத் துணிச்சலுக்கு பின்னாளில் ஜீவன் ரக்ஷா பதக் விருதும் கிடைத்தது. 2024-ல் படம் வந்தபோது, 'நட்புன்னா இதுதான்' என்று நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அம்மாவோ, "வேலி போட்டிருக்கிற இடத்துக்கு ஏன் போறாங்க?" என்றார். நண்பர்கள் டூரின் முதல் விதி அம்மா சொன்னதில்தான் இருக்கிறது. எத்தனை பேர் கிளம்பினோமோ, அத்தனை பேரும் திரும்பி வர வேண்டும்.

எங்கள் தேதியை முடிவு செய்தது ஊட்டி சீசன் இல்லை, எம்.சி. ரோடு சீசன். தீபாவளியில் பிடிக்கும் ஜவுளிக் கூட்டம் பொங்கல் வரை விடாது. அதற்குள் கடையில் லீவு கேட்டால் மொத்தமாக லீவு கொடுத்துவிடுவார்கள். பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியில் ஒரு வியாழன் ராத்திரி கிளம்பி, ஞாயிறு காலை திரும்புவதாக பிளான்.

5 மணி நேரம், 46 கிலோமீட்டர்

சென்ட்ரலில் இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ். விடிந்தால் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில். 46 கிலோமீட்டர் தூரத்தை ஏற ஏறக்குறைய 5 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ரயில் இது. வண்ணாரப்பேட்டையில் இருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோவில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பழகிய எங்களுக்கு, முதல் அரை மணி நேரம் 'இது போகுதா, நிக்குதா' என்று சந்தேகமாகவே இருந்தது.

கல்லாறில் இருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. இன்ஜினுக்குக் கீழே இருக்கும் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டி பின்னோக்கி உருளாமல் இருக்க அதுதான் பாதுகாப்பு. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை இது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

ஒவ்வொரு குகைக்குள்ளும் ரயில் நுழையும்போது பெட்டி முழுக்க 'ஓ...' என்று கத்துகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவும் கத்தினார். நாங்களும் கத்தினோம். ராயபுரம் பாலத்துக்குக் கீழே சைக்கிளில் போகும்போது கடைசியாக இப்படிக் கத்தியது, எட்டாம் கிளாஸில்!

ரயில் என்றால் எங்கள் ஏரியாவுக்கு ஒரு சொந்தப் பெருமை உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி கிளம்பியது, எங்கள் வீட்டில் இருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ராயபுரம் ஸ்டேஷனில் இருந்துதான். போன இடம் வாலாஜா ரோடு. குன்னூர் தாண்டும் வரை இதை நான் சொல்லிக்கொண்டே வந்ததில், ஐ.டி. தோழி ஹெட்போன் மாட்டிக்கொண்டாள்.

வயிறு சரியில்லை!

ஊட்டியில் தாவரவியல் பூங்கா பார்த்தோம். 1848-ல் உருவான தோட்டம். சனிக்கிழமை விடிகாலையில் புல்தரையில் உப்பு கொட்டியதுபோல உறைபனி. மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊர்க்காரர்கள் நாங்கள். ஒரே போர்வைக்குள் மூன்று பேர் நின்று டீ குடித்தோம். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவில் நின்று, மேகம் விலகும் என்று காத்திருந்தோம். கடைசி வரை விலகவில்லை. ஆனாலும் அந்த ஒரு மணி நேரச் சிரிப்பை வைத்து ஒரு வருஷம் ஓட்டலாம்.

எல்லாம் சரியாகத்தான் போனது. ஜவுளிக்கடைத் தோழி மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் பெரிய ரெஸ்டாரென்டில், "வயிறு சரியில்ல, லெமன் சோடா போதும்" என்றாள். ராத்திரியும் அதே. ஏரியில் படகில் போனபோது, "எனக்குத் தண்ணின்னா பயம்" என்று கரையில் உட்கார்ந்துகொண்டாள். காசிமேட்டுக் கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் பயமா?

நர்ஸ் தோழிதான் கண்டுபிடித்தாள். பயமும் இல்லை, வயிற்று வலியும் இல்லை. பணம்தான் பிரச்னை. 'ஆளுக்கு ஐயாயிரம் ஆகும்' என்று குரூப்பில் போட்டபோது நாங்கள் நான்கு பேரும் கட்டை விரலை உயர்த்தினோம். அவளும் உயர்த்தினாள். அது அவள் சம்பளத்தில் எவ்வளவு என்று யாரும் யோசிக்கவில்லை. அதற்கு மேலும் போன இடத்தில் எல்லாம் 'ஷேர் பண்ணிக்கலாம்' என்று நாங்கள் சொல்லச் சொல்ல, அவள் மனதுக்குள் கணக்குப் போட்டபடியே இருந்திருக்கிறாள். 'நான் தர்றேன்' என்று ஐ.டி. தோழி சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "எனக்குப் பிச்சை போடத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பள்ளியில் எல்லோருக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே சத்துணவு, ஒரே பஸ் பாஸ். அப்போது தெரியாத வித்தியாசம், சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு டூரில்தான் பளிச்சென்று தெரிகிறது. நட்பு உடைவது பெரும்பாலும் பெரிய துரோகத்தில் இல்லை. இந்த மாதிரி பில் வரும் நேரத்தில்தான்.

சனிக்கிழமை திட்டத்தை மாற்றினோம். கார் கேன்சல், அரசுப் பேருந்து. ரெஸ்டாரென்ட் வேண்டாம், சின்ன மெஸ். மாலையில் பேக்கரியில் சூடான வர்க்கி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ஊட்டி வர்க்கிதான். நாலு பாக்கெட்டுக்கு அவள் பேரம் பேசியதைப் பார்க்க வேண்டுமே! எம்.சி. ரோட்டில் பத்து வருஷமாக மற்றவர்கள் பேரத்தைச் சமாளித்தவள் ஆயிற்றே. பேக்கரிக்காரர் கடைசியில் ஒரு பாக்கெட்டைச் சும்மாவே கொடுத்துவிட்டார். அந்த ஒரு பாக்கெட்டில் எங்கள் சண்டை தீர்ந்தது.

மூளை தூங்கவில்லை

சனிக்கிழமை இரவு திரும்பும் ரயிலில் யாரும் அதிகம் பேசவில்லை. நான்கு நாள் முன்பு 'லீவு இன்னும் ரெண்டு நாள் கிடைச்சா நல்லா இருக்கும்' என்று சொன்ன நாங்களே, ஜோலார்பேட்டை எப்போது வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கும். இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இருக்கிறது.

புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் வராததை 'முதல் இரவு விளைவு' என்கிறார்கள். சினிமாவில் வருகிற முதலிரவு இல்லை, இது வேறு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி குழுவினர் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. புதிய இடத்தில் தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்ற பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை. காவல்காரர் மாதிரி லேசாக விழித்திருந்து, சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது. நம் வீட்டுப் படுக்கையில் விழுந்ததும் அடித்துப்போட்டாற்போல் தூக்கம் வருகிறதே... அந்தக் காவல்காரருக்கு டியூட்டி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

டூர் சந்தோஷம் எத்தனை நாள் தங்கும் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஜெரோன் நவைன் தலைமையில் 1,530 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வந்தது. டூர் போகிறவர்களின் மகிழ்ச்சி, போகாதவர்களைவிடக் கூடுதலாக இருந்தது கிளம்புவதற்கு முன்புதானாம். திரும்பி வந்த பிறகு இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிகவும் ஓய்வாக, அவசரம் இல்லாமல் போய் வந்தவர்களுக்கு மட்டும் அந்த மகிழ்ச்சி கொஞ்ச நாள் நீடித்தது. 'ரெண்டு நாளில் 14 இடம்' என்று ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வீட்டு ஏக்கத்தை ஒருகாலத்தில் நோயாகவே பார்த்தார்கள். வெளிநாட்டில் இருந்த சுவிஸ் மக்கள் ஊர் நினைப்பில் உருகிப்போவதைப் பார்த்து, ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688-ல் அதற்கு வைத்த பெயர்தான் 'நாஸ்டால்ஜியா'. வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார். பழைய பாட்டு கேட்டு நாம் ஸ்டேட்டஸ் வைக்கிற சொல்லுக்குள் ஒரு வீடு இருக்கிறது.

சென்ட்ரல், ஹைகோர்ட், மண்ணடி, வண்ணாரப்பேட்டை

ஞாயிறு காலை. சென்ட்ரலில் இறங்கியதும் முகத்தில் அடித்தது சென்னைக் காற்று. இரண்டு நாளாகப் போட்டிருந்த ஸ்வெட்டரை பிளாட்பாரத்திலேயே கழற்றி பையில் திணித்தோம். அங்கிருந்து மெட்ரோவில் மூன்றாவது ஸ்டேஷன் எங்கள் ஊர். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ வந்த பிறகு, ஊருக்குத் திரும்புவது சட்டென்று முடிந்துவிடுகிறது.

படியேறி வெளியே வந்தால் டீக்கடை பாய்லர் சத்தம், ஷேர் ஆட்டோ ஹாரன், அந்த நேரத்திலேயே நடைபாதையில் விரித்த துணி மூட்டைகள். வெளியூர்க்காரர்களுக்கு வடசென்னை என்றால் சினிமாவில் பார்த்த ரவுடியும் அரிவாளும்தான். ஊட்டியில் அறை எடுத்தபோது, 'வண்ணாரப்பேட்டையா...' என்று இழுத்த குரலை நாங்கள் கவனிக்காமல் இல்லை. கப்பலுக்கு ஏற்றும் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற பேட்டை இது. இன்றைக்கும் பாதிச் சென்னை கல்யாணத்துக்கு இங்கேதான் ஜவுளி எடுக்கிறது. இங்கே தூசி உண்டு, எண்ணூர் பக்கம் இருந்து வரும் புகை உண்டு. ஆனாலும் தெருமுனை திரும்பியதும், "இன்னா பாப்பா, ஊட்டிக்குப் போயிட்டு வந்தியாமே... இன்னா வாங்கியாந்த?" என்று இஸ்திரிக் கடை அண்ணன் கேட்டாரே, அந்தக் கேள்வி எந்த மலையிலும் கிடைக்காது.

கதவைத் திறந்தால் சங்கரா மீன் குழம்பு வாசனை. காலை ஏழு மணிக்கு! "ரெண்டு நாள்ல இன்னாடி இப்டி கறுத்துட்ட? போய் குளி, சாப்பிடலாம்" என்றார் அம்மா. வெந்நீர் போட்டு வைத்திருந்தார். பாய் விரித்திருந்தது. நைனா என் போனை வாங்கி போட்டோ பார்க்க உட்கார்ந்துவிட்டார். இட்லியும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். எழுந்தபோது மதியம் மூன்று மணி. 'வீடு மாதிரி வருமா' என்று குரூப்பில் போட்டேன். நான்கு பேரும் ஹார்ட்டின் விட்டார்கள்.

எல்லோருக்கும் அந்த சுகம் கிடைக்கிறதா?

எழுந்து கொல்லைப்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். என் டூர் துணி மொத்தமும் துவைத்துக் கொடியில் காய்ந்தது. அம்மா அப்போதுதான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். விசாரித்தால், ஞாயிறு கூட்டத்துக்கு முன்னால் மீன் வாங்க வேண்டும் என்று விடிகாலை மூன்றரைக்கே எழுந்து காசிமேட்டுக்குப் போயிருக்கிறார். வந்ததும் அடிபம்பில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு குழம்பு கூட்டியிருக்கிறார்.

"நீ எப்பம்மா கடைசியா ஃப்ரெண்ட்ஸோட டூர் போன?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி, வேலைக்குப் போன கம்பெனில மகாபலிபுரம் கூட்டிட்டுப் போனாங்க. அதோட சரி."

"அப்புறம் நாமதான் வேளாங்கண்ணி, திருப்பதி எல்லாம் போனோமே?"

"அது டூரா? போன இடத்துலயும் உங்க துணியை நான்தான் துவைச்சேன். திரும்பி வந்தா மாவு இருக்காது, தண்ணி இருக்காது. பையை வெச்சதும் குடத்தைத் தூக்கிட்டுப் போவேன்."

எனக்குச் சுருக்கென்றது. வீடு திரும்பும் சுகம் என்று நான் சொன்னது எதை? வெந்நீர், குழம்பு, விரித்த பாய்... எல்லாமே இன்னொருவரின் உழைப்பு. வீட்டில் ஒருவர் இருந்ததால்தான் எனக்கு அது 'திரும்புதல்'. அவருக்கு யாரும் இருக்கவில்லை.

சங்க இலக்கியத்தில் முல்லைத் திணை என்று படித்திருப்போம். வேலை முடித்த தலைவன், தேரை விரைவாக ஓட்டச் சொல்லிப் பாகனிடம் அவசரப்படுத்துவான். வீடு திரும்பும் சந்தோஷத்தை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பாடியிருக்கிறார்கள். அந்தத் திணைக்கு இலக்கணம் சொல்லும் உரிப்பொருளின் பெயர் 'இருத்தல்'. அதாவது, வீட்டில் காத்திருப்பது. பள்ளியில் ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்ததன் அர்த்தம், அன்றைக்குத்தான் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துப் புரிந்தது.

அடுத்த டூருக்கு முன்னால் சில விஷயங்கள்

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது. உங்களுக்கும் உதவலாம்.

* பட்ஜெட்டை, குழுவில் குறைவாகச் சம்பாதிக்கிறவர் முதலில் சொல்லட்டும். மற்றவர்கள் அதற்குள் திட்டம் போடலாம். குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காமல் தனியாகக் கேளுங்கள்.

* கிளம்பும் முன்பே ஒரு பொதுப் பணம் போட்டு, ஒருவர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு டீக்கும் கூகுள் பே கணக்கு பார்த்தால் டீ ஆறிவிடும். மிச்சக் கணக்கை ஊர் வந்து சேர்வதற்குள், ரயிலிலேயே முடியுங்கள்.

* ஊட்டி, கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போவதாக இருந்தால் இ-பாஸ் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்த நடைமுறை இது. 2025 சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற கட்டுப்பாடும் வந்தது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

* வேலைக்குப் போக வேண்டிய நாளுக்கு ஒரு நாள் முன்பே திரும்புங்கள். திங்கள் காலை சென்ட்ரலில் இறங்கி நேரே ஆபீஸ் போனால், டூர் போன களைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

* கிளம்பும் முன் பாத்திரம் கழுவி, குப்பையை வெளியே கொட்டி, படுக்கையை உதறிப் போட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும் உங்களை நீங்களே வரவேற்கிற மாதிரி இருக்கும்.

* முக்கியமாக, டூர் துணியை நீங்களே துவையுங்கள்.

அம்மா போன டூர்

பிப்ரவரி பௌர்ணமிக்கு அம்மாவை அனுப்பி வைத்தோம். அடிபம்புத் தோழிகள் நான்கு பேர், திருவண்ணாமலை கிரிவலம். 2024 மே மாதத்தில் இருந்து சென்னை பீச் ஸ்டேஷனில் இருந்து மாலையில் திருவண்ணாமலைக்கு நேரடி ரயில் ஓடுகிறது. தொடங்கியபோது கட்டணம் 50 ரூபாய். எங்கள் வீட்டில் இருந்து பீச் ஸ்டேஷன் பக்கம்தான். ஆனாலும் இத்தனை வருஷத்தில் அம்மா அதில் ஏறியதில்லை. "தண்ணி யாரு பிடிப்பா? நைனாவுக்கு மாத்திரை யாரு குடுப்பா?" என்று கிளம்புகிற நிமிடம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

ராத்திரி பன்னிரண்டரைக்கு ஒரு போட்டோ வந்தது. தோழிகள் நான்கு பேர் கையிலும் சுக்குக் காபி. அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை வீட்டில் நான் அதிகம் பார்த்ததில்லை.

விடிகாலை எழுந்து நானும் நைனாவும் தண்ணீர் பிடித்தோம். பன்னிரண்டு குடம். தோள்பட்டை விட்டுப் போனது. இட்லி ஊற்றினேன், சாம்பார் வைத்தேன். பதினொரு மணிக்கு அம்மா வந்தார். 14 கிலோமீட்டர் நடந்த கால். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பழக்கத்தில் கண் அடிபம்புப் பக்கம் போனது. பிறகு நிறைந்திருந்த குடங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வந்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"அப்பாடா..." என்றார்.

சாம்பாரில் உப்பு கூட என்று சொன்னது அதற்கப்புறம்தான். சொல்லிவிட்டு இன்னும் ரெண்டு இட்லி கேட்டார். அடுத்து எங்கே போகலாம் என்று அடிபம்புத் தோழிகள் பேசி முடித்துவிட்டார்களாம். குரூப் ஆரம்பித்துத் தரச் சொல்லி, போனை என்னிடம் நீட்டினார்.